சுற்றுலா இடங்களையும் அருங்காட்சியகங்களையும் இன்னும் அக்கறையோடு பார்ப்பது எப்படி?

ஒவ்வொரு பயணத்திலும் நாலைந்து மியூசியம், பத்துப் பதினைந்து இடம் என்று ஓடுகிறீர்கள். திரும்பி வந்தால் போனில் படங்கள் இருக்கின்றன, மனதில் எதுவும் தங்கவில்லை. போன இடத்தில் இருப்பவர்களுக்குத் தொல்லையாக இருந்துவிட்டோமோ என்ற உறுத்தலும் இருக்கிறது. இதுதான் உங்கள் கேள்வி என்று புரிந்துகொண்டு எழுதுகிறேன்.

நானும் பல வருடம் அப்படித்தான் ஓடினேன். என்னை நிறுத்தியது ஒரு மண்குடம். பெரிய மியூசியம் ஒன்றில் கால் கடுத்துப்போய், கூட்டமே இல்லாத ஒரு சின்ன அறையில் பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் கைப்பிடி வைத்த ஒரு குடம், அலங்காரம் எதுவும் இல்லை. வேறு வேலை இல்லாததால் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கைப்பிடி குடத்தோடு சேரும் இடத்தில் ஒரு பள்ளம் கண்ணில் பட்டது. எழுந்து கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். ஈரமண்ணில் கைப்பிடியை ஒட்டி அழுத்தியவரின் கட்டைவிரல் பள்ளம் அது. உள்ளே ரேகைக் கோடுகள்கூடத் தெரிந்தன. என் கட்டைவிரலை அதே கோணத்தில் காற்றில் வைத்துப் பார்த்தேன். வலது கை. என்னுடையதைவிடச் சின்ன விரல். அன்று முழுக்க நான் பார்த்த நூறு பொருள்களில் இன்றைக்கும் நினைவில் இருப்பது அது ஒன்றுதான்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் ஓவியங்களின் முன்னால் மக்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கணக்கெடுத்து 2001-இல் ஓர் ஆய்வு வெளியானது. சராசரி 27 விநாடி. பாதிப் பேர் 17 விநாடிக்குள் நகர்ந்துவிட்டார்கள். அந்த நேரத்தில் கட்டைவிரல் பள்ளமெல்லாம் யாருக்குத் தெரியும்?

அதனால் இப்போது நான் செய்வது இது. முதலில் நிற்காமல் ஒரு சுற்று நடந்துவிடுவேன். எது இழுக்கிறதோ அதில் இரண்டோ மூன்றோ மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிப் போவேன். பொருளை முதலில் பார்ப்பேன், விவரப் பலகையைப் பிறகு படிப்பேன், அப்புறம் மறுபடியும் பொருளைப் பார்ப்பேன். பலகையை முதலில் படித்துவிட்டால் அது சொன்னதைச் சரிபார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எங்கே உடைந்திருக்கிறது, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, இது முதலில் எந்த இடத்தில், எந்த உயரத்தில் இருந்திருக்கும் என்று கேட்டுக்கொண்டே பார்த்தால் நேரம் போவதே தெரியாது. ஆம்ஸ்டர்டாமில் இருக்கும், டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நகரக் காவல் படை ஒன்றின் குழு ஓவியம், 1642-இல் வரைந்து முடித்தது. 1715-இல் நகர மண்டபத்துக்கு மாற்றியபோது, சுவரில் அடங்கவில்லை என்று நாலு பக்கமும் வெட்டிவிட்டார்கள். இடது ஓரத்தில் நின்ற சில உருவங்கள் அதோடு போயின. நடுவில் நிற்பதாக இன்று தெரியும் படைத் தலைவர்கள் இருவரையும் ரெம்பிராண்ட் சற்று வலப்பக்கம் தள்ளித்தான் வைத்திருந்தார். இது தெரிந்தபிறகு அந்த ஓவியத்தின் ஓரங்களைத்தான் கண் முதலில் தேடுகிறது.

மியூசியத்தில் ஏன் இவ்வளவு இருட்டு என்று பலர் எரிச்சல்படுவதைக் கேட்டிருக்கிறேன். துணி, நீர்வண்ண ஓவியம், பழைய காகிதம் இவற்றுக்குப் பொதுவாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கிய வெளிச்சம்தான் வைப்பார்கள். சாயம் வெளுப்பது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகும், வெளுத்தது திரும்ப வராது. நமக்குப் பிறகு வருகிறவருக்காக மிச்சம் பிடித்து வைக்கிறார்கள். உள்ளே போனதும் ஓரிரு நிமிடம் கண்ணைப் பழக விடுங்கள், எல்லாம் தெரிய ஆரம்பிக்கும். முதுகில் மாட்டிய பையை முன்பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். படம் எடுக்கப் பின்னால் நகர்கிறவரின் கண் போனில் இருக்கும், முதுகுப் பையை யார் பார்ப்பது? ஒருமுறை என் பை ஒரு பீடத்தில் இடித்தது. பொருளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அறையின் காவலர் பதறி ஓடிவந்தபோது அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை.

சும்மா நின்றாலே கெடுதல் வருமா? வரும். பிரான்சின் லாஸ்கோ குகை ஓவியங்கள் சுமார் 17,000 ஆண்டு பழமையானவை. 1940-இல் கண்டுபிடித்தார்கள், 1948-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். வந்தவர்களின் மூச்சுக்காற்றும் உடம்புச் சூடும் விளக்கு வெளிச்சமும் சேர்ந்து சுவரில் பாசி படரத் தொடங்கியது. 1963-இல் மூடிவிட்டார்கள். இப்போது பார்ப்பது பக்கத்தில் கட்டிய நகலைத்தான். நகல்தானே என்று அதை ஒதுக்காதீர்கள் என்று மனதாரச் சொல்வேன். அசலைக் காப்பாற்றுவதற்காக நகலைப் பார்த்துவிட்டு வருவதும் மரியாதைதான்.

வெளியிடங்களில், அங்கே வாழ்கிறவர்கள் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று போவதற்கு முன்பே தேடிப் படித்துவிடுங்கள். ஆஸ்திரேலியாவின் உலுரு பாறை அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனங்கு மக்களுக்குப் புனிதமானது. ஏறாதீர்கள் என்று அடிவாரத்தில் பலகை வைத்து வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டார்கள். தடையில்லை என்பதால் பலர் ஏறிக்கொண்டே இருந்தார்கள். 2019 அக்டோபர் 26-இல்தான் ஏறுவதற்குத் தடை வந்தது. தடைக்கு முந்தைய நாள்களில் ஏறுவதற்கு நீண்ட வரிசை நின்றது. அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. சட்டம் அனுமதித்தாலும் வீட்டுக்காரர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆட்களைப் படமெடுக்கும் விஷயமும் அப்படியே. கேட்டுவிட்டு எடுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள். வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி உங்கள் ஆல்பத்துக்காக அங்கே இல்லை.

கடைசியாக ஒன்று, பலர் கவனிக்காதது. பொருள் அங்கே எப்படி வந்தது? 1897-இல் பிரிட்டிஷ் படை இன்றைய நைஜீரியாவில் இருக்கும் பெனின் அரண்மனையைச் சூறையாடி ஆயிரக்கணக்கான உலோகச் சிற்பங்களையும் தந்தப் பொருள்களையும் அள்ளிப் போனது. அவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல மியூசியங்களுக்குப் பிரிந்து போயின. 2022-இல் ஜெர்மனி சிலவற்றைத் திருப்பிக் கொடுத்தது. விவரப் பலகையின் அடியில் சின்ன எழுத்தில் ஓர் எண் இருக்கும். பல மியூசியங்களில் அதன் முதல் பகுதி பொருள் வந்து சேர்ந்த ஆண்டு. அந்த ஆண்டில் அந்த நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ‘நன்கொடை’ என்று போட்டிருந்தால், கொடுத்தவருக்கு அது எப்படிக் கிடைத்தது என்றும் கேளுங்கள்.

பலகையில் எதுவும் இல்லையென்றால் மியூசியத்துக்கே எழுதிக் கேட்கலாம். அந்த மண்குடத்தைப் பற்றி நான் எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ஒரு கல்லறையில் தோண்டி எடுத்தது, உள்ளே தானியம் இருந்தது என்று இரண்டே வரி. கூடவே பழைய பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். அதில் குடத்தை யாரோ பென்சிலால் வரைந்திருந்தார்கள், கைப்பிடிக்கு அருகில் ஒரு சின்ன அம்புக்குறி போட்டு.