குடியை விட்டாயிற்று, சிகரெட்டை எப்போது விடுவது?

கேள்வி: வயது 44. குடியை நிறுத்தி ஆறு வாரம் ஆகிறது. முன்பு தினம் பத்து சிகரெட் பிடிப்பேன், இப்போது இருபது ஆகிவிட்டது. உடன் சிகிச்சை பெறுபவர்கள், ‘முதலில் குடி நிற்கட்டும், சிகரெட்டை ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம்’ என்கிறார்கள். மனைவி இப்போதே விடச் சொல்கிறார். இரண்டையும் விடப்போய் மறுபடியும் குடித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: ஆறு வாரம் குடிக்காமல் இருப்பது பெரிய காரியம். மனதாரப் பாராட்டுகிறேன். குடியை விட்டவர்களுக்கு சிகரெட் எண்ணிக்கை கூடுவது அடிக்கடி நடப்பதுதான், அதற்காக மனம் தளர வேண்டாம். ஆனால் ஒரு வருடம் காத்திருக்கவும் வேண்டாம்.

குடிநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து 1996-ல் வெளியான ஓர் ஆய்வில், இறந்தவர்களில் பாதிப் பேரின் மரணத்துக்குப் புகையிலை காரணமாக இருந்தது. மதுவால் இறந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். குடியிலிருந்து மீண்டவர்களை சிகரெட் கொண்டுபோவதைப் போல வேதனை வேறில்லை. நீங்கள் அதில் சேரக்கூடாது.

உங்கள் பயத்தையும் நான் ஒதுக்கவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2004-ல் வந்த முடிவு, போதைச் சிகிச்சையோடு புகையை விடவும் உதவி பெற்றவர்கள் நீண்டகாலம் மது, போதையின்றி இருக்கும் வாய்ப்பு 25 சதவீதம் அதிகம் என்றது. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வோ, இரண்டுக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை தொடங்கியவர்கள், ஆறு மாதம் தள்ளித் தொடங்கியவர்களைவிடக் குடியைத் தவிர்ப்பதில் சற்றுப் பின்தங்கியதாகக் காட்டியது. ஆகவே எல்லோருக்கும் ஒரே தேதி பொருந்தாது.

குடியை நிறுத்திய முதல் சில நாட்கள் வலிப்பு, மனக்குழப்பம் வரக்கூடிய காலம். அப்போது சிகரெட்டைப் பற்றி நான் பேசவே மாட்டேன். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். கை நடுக்கம் நின்றுவிட்டதா? ஓரளவு தூங்குகிறீர்களா? குடிக்கும் எண்ணம் வந்தாலும் சமாளிக்க முடிகிறதா? ஆம் என்றால் அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் ஒரு தேதி குறியுங்கள். இல்லையென்றால் இன்னும் சில வாரம் தள்ளிப் போடலாம்.

வெறும் மன உறுதியை நம்பி இறங்காதீர்கள். நிகோடின் தவிப்பு இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும், பெரும்பாலும் நான்கு வாரத்தில் தணிந்துவிடும். அந்த நாட்களுக்கு தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச்சும், மெல்லும் நிகோடின் கம்மும் துணையாக இருக்கும். கம்மை மிட்டாய்போல் விடாமல் மெல்லக் கூடாது. காரம் தெரியும்வரை மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். சிகரெட் ஆசையைக் குறைக்கும் வரெனிக்லின் மாத்திரை உங்களுக்குப் பொருந்துமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். புகையை விட உதவும் இன்னொரு மருந்தான புப்ரோபியான் எழுதித் தந்தால், எப்போது குடியை நிறுத்தினீர்கள், வலிப்பு வந்ததுண்டா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அந்த மருந்து வலிப்பைத் தூண்டக்கூடும்.

பலருக்கும் தெரியாத ஒன்று: சிகரெட் புகை உடலிலிருந்து காஃபினை வேகமாக வெளியேற்றும். புகையை விட்டதும் அதே அளவு காபி படபடப்பையும் தூக்கமின்மையையும் தரும். அதைத் தவிப்பு என்று எண்ணிவிடாதீர்கள், காபியைப் பாதியாகக் குறையுங்கள். மனநல மாத்திரைகள் சாப்பிட்டால் அவற்றில் சிலவற்றின் அளவையும் மருத்துவர் மாற்ற வேண்டியிருக்கும்.

சிகரெட்டை விட்டபின் குடிக்க வேண்டும் என்ற ஆசை திடீரெனக் கூடினால், அன்றே உங்கள் குடிநோய் மருத்துவரைப் பாருங்கள். குடிக்காக அவர் கொடுத்திருக்கும் மாத்திரைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.