கூகுள் வழியே வந்தால் மட்டும் சூதாட்டத் தளம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் சிறுகதைகளுக்காக வேர்ட்பிரஸில் ஒரு தளம் வைத்திருக்கிறேன். முகவரியைத் தட்டினால் ஒழுங்காகத் திறக்கிறது. கூகுளில் தேடி வருபவர்களுக்கு மட்டும் சூதாட்டத் தளம் வருகிறதாம். விரல்விட்டு எண்ணக்கூடிய வாசகர்கள் உள்ள தளத்தை யார் குறிவைக்கப் போகிறார்கள்?

பதில்: உங்களை யாரும் குறிவைக்கவில்லை. ஓட்டையுள்ள பிளகின் (கூடுதல் வசதிக்காகத் தளத்தில் சேர்க்கும் துணைநிரல்) எந்தெந்தத் தளத்தில் இருக்கிறது என்று பாட்கள் எனும் தானியங்கி நிரல்கள் இரவு பகலாகத் துழாவுகின்றன. சின்னத் தளம், பெரிய தளம் என்ற கணக்கே அவற்றுக்குக் கிடையாது. உள்ளே புகுந்த நிரல், வருபவர் எங்கிருந்து வருகிறார் என்று பார்க்கிறது. தேடுபொறியிலிருந்து வந்தால் மட்டும் திசைதிருப்பிவிடுகிறது. தளத்துக்காரர் நேராகத்தானே வருவார்? அதனால்தான் மாதக்கணக்கில் அவர் கண்ணில் படுவதில்லை.

முதலில் எச்டிஆக்சஸ் (.htaccess) கோப்பை, அதாவது வருபவரை எங்கே அனுப்புவது என்று சர்வருக்குச் சொல்லும் கோப்பை, திறந்து கடைசிவரை உருட்டிப் பாருங்கள். மேலே பார்க்க ஒழுங்காக இருக்கும். நிறைய வெற்று வரிகளுக்குக் கீழே திசைதிருப்பும் வரிகளை ஒளித்து வைப்பது வழக்கம். அடுத்தது அப்லோட்ஸ் (uploads) கோப்புறை. படங்களும் ஆவணங்களும் இருக்க வேண்டிய இடம் அது. வெற்று இண்டெக்ஸ் கோப்பைத் தவிர பிஎச்பி (.php) எனும் நிரல் கோப்பு எது கிடந்தாலும் சந்தேகப்படுங்கள். பயனர் பட்டியலில் நீங்கள் சேர்க்காத நிர்வாகி இருக்கிறாரா என்றும் பாருங்கள்.

கண்ணில் பட்டதை அழித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். மறுபடி நுழைய ஒளித்துவைத்த பின்வாசல் ஒன்று மிச்சமிருந்தாலும் புகுந்தவர்கள் திரும்ப வந்துவிடுவார்கள். தொற்றுக்கு முந்தைய பேக்கப் இருந்தால் அதை ஏற்றி, உடனே எல்லாவற்றையும் அப்டேட் செய்யுங்கள். அந்த நகலிலும் பழைய ஓட்டை இருக்கும். பிறகு தளம், தரவுத்தளம், ஹோஸ்டிங் (தளத்துக்கு சர்வரில் இடம் தரும் சேவை) மூன்றின் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள்.

இன்னொன்றை அழுத்தியே சொல்கிறேன். வேண்டாத பிளகினை டீஆக்டிவேட் செய்துவிட்டு (இயங்காமல் நிறுத்திவிட்டு) பலரும் நிம்மதியாக இருக்கிறார்கள். அதன் கோப்புகள் சர்வரில் அப்படியேதான் கிடக்கின்றன. அவற்றை வெளியிலிருந்து நேரடியாக அழைக்க முடியும். அழித்துவிடுங்கள்.

கேள்வி: ஹோஸ்டிங் நிறுவனமே தினமும் பேக்கப் எடுக்கிறது. நானும் எடுக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் எடுங்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்தது. ஒரு கட்டடமே அழிந்தது. தளத்தையும் நகலையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். ஒரு நகல் உங்கள் கையில் இருக்கட்டும். கோப்புகள் மட்டும் போதாது. நீங்கள் எழுதியதெல்லாம் தரவுத்தளத்தில்தான் இருக்கிறது. அதையும் சேர்த்து எடுங்கள். எடுத்ததை வேறொரு இடத்தில் ஏற்றி, திறக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: திடீரென்று ‘பாதுகாப்பற்றது’ என்று பிரௌசர் எச்சரிக்கிறது. ஹேக் ஆகிவிட்டதா?

பதில்: பெரும்பாலும் உங்கள் தளத்தின் சான்றிதழ் (இணைப்பு பாதுகாப்பானது என்று பிரௌசருக்குக் காட்டுவது) காலாவதி ஆகியிருக்கும். லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற இலவசச் சான்றிதழ்களின் ஆயுள் சில மாதங்கள்தான். தானாகப் புதுப்பிப்பது எங்கோ நின்றுபோயிருக்கும். காலாவதிக்கு முன் மின்னஞ்சலில் நினைவூட்டுவதையும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பினர் 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். ஹோஸ்டிங் பேனலில் புதுப்பிப்பு ஓடுகிறதா என்று இன்றே பாருங்கள்.