பியூட்டனால் படிச்சா சோறு கிடைக்குமா?

அண்ணே, அலங்காநல்லூர்ல கரும்பு போட்டவர் நீங்க. சர்க்கரை ஆலையில மிஞ்சுற பாகு, அந்த மொலாசஸ் வாசனை உங்களுக்குப் புதுசில்ல. "எத்தனால் பெட்ரோல்ல கலக்குறாங்க, சரி. பயோடெக் படிக்கிற பாப்பா பிராஜெக்ட்டுக்கு ஏதோ பியூட்டனால்ங்கிறாளே, அதுல வேலை இருக்கா?"ன்னு கேட்டீங்க.

பியூட்டனாலும் எத்தனால் மாதிரி ஒரு ஆல்கஹால்தான். அதோட ஆலை வாசல்ல வேலை காத்திருக்குன்னு நான் சொல்லமாட்டேன். இன்னைக்குப் பெயிண்ட், வார்னிஷுக்குப் போற பியூட்டனால் பெரும்பாலும் பெட்ரோலிய வழியில வர்றது. ஆனா அவ கத்துக்கப்போற வேலைக்கு மதிப்பு உண்டு.

கிளாஸ்ட்ரிடியம்னு ஒரு பாக்டீரியா. சர்க்கரையைத் தின்னு அசிட்டோன், பியூட்டனால், எத்தனாலை ஏறக்குறைய 3:6:1 கணக்குல தரும். முதல் உலகப்போர்ல வெடிமருந்துக்கு இந்த வழியிலயும் அசிட்டோன் எடுத்தாங்க. சிக்கல் என்னன்னா, லிட்டருக்கு 12, 13 கிராம் பியூட்டனால் சேர்ந்ததுமே பாக்டீரியா தானே செஞ்ச சரக்குல மயங்கிடும். பாதிச் சர்க்கரை அப்படியே கிடந்தாலும் தொடாது. மிச்சமெல்லாம் தண்ணி, அதைக் காய்ச்சிப் பிரிக்கிற எரிபொருள் செலவே லாபத்தைத் தின்னுடும்.

அதனால ஊற ஊற எடுக்கணும். இட்லிக் கொப்பரை மூடியைத் திறந்தா உள்பக்கம் முத்துமுத்தா தண்ணி நிக்குதில்ல? அதே சங்கதிதான். பாக்டீரியா விடுற கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜனையுமே திரும்ப அடியில குமிழியா விட்டா, அது பியூட்டனால் ஆவியை அள்ளிக்கிட்டு மேல வரும். கண்டென்சர்ல குளிர வெச்சா சொட்டும். சொட்டுறதுல பியூட்டனால் நூத்துக்கு எட்டுப் பங்கைத் தாண்டுச்சுன்னா எண்ணெய் மாதிரி மேல தனியா மிதக்கும். உள்ள பாக்டீரியா தெம்பா இருக்கும், சர்க்கரை ஊட்டிக்கிட்டே இருக்கலாம்.

பாதி உயிரியல், பாதி கெமிக்கல் இன்ஜினியரிங். இந்த ரெண்டாவது பாதியைத்தான் நம்ம பயோடெக் பிள்ளைங்க விட்டுடுறாங்க. நானே முன்னாடி ஒரு பையனை "கிருமியை மட்டும் பாரு"ன்னு அனுப்பி, இன்டர்வியூவில கண்டென்சர் கேள்விக்கு அவன் முழிச்சுட்டு வந்தான். தப்பு என்னோடது.

இந்த பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் ஆகாது. காலேஜ் லேப்ல அதுக்கு வசதி இல்லைன்னா, பாக்டீரியாவே இல்லாம தண்ணியில பியூட்டனால் கலந்து, நைட்ரஜன் சிலிண்டர் வெச்சு அதே மாதிரி குமிழி விட்டு ஓட்டச் சொல்லுங்க. மணிக்கொரு தடவை சொட்டினதை எடைபோட்டு நோட்டுல எழுதணும். பாக்டீரியா வளர்க்கிற தொட்டியான ஃபெர்மென்டரை ஓட்டி, போட்டதுக்கும் எடுத்ததுக்கும் கணக்கு சரிபார்க்கத் தெரிஞ்ச பிள்ளைய மருந்து, என்சைம் கம்பெனிகளும் டிஸ்டிலரியும் கேட்கும்.

மேல படிக்கணும்னா கேட் (GATE), பயோடெக் மேற்படிப்புக்கான காட்-பி (GAT-B)ன்னு ரெண்டு நுழைவுத் தேர்வையும் எழுதட்டும். பத்து நாள் சர்டிஃபிகேட் கோர்ஸுக்குப் பணம் கட்டாதீங்க.

சனிக்கிழமை பாப்பாவோட வாங்கண்ணே. அவளே பேசட்டும்.