எட்டாம் தேதியும் பாசிக்குப் போகிற நாளும்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். அம்மா பாசிக்குப் போகிறவர், கடலில் இறங்கிக் கடல்பாசி எடுப்பதுதான் வேலை. பாசி எடுக்கும் பெண்கள் சங்கத்தில் மார்ச் 8 மகளிர் தினக் கூட்டத்துக்கு என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்த வருடம் எட்டாம் தேதி பாசிக்குப் போகிற நாட்களுக்குள் விழுகிறது. மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் இறங்குகிறார்கள், அதில் ஒரு நாளை விட யாருக்கும் மனசில்லை. தள்ளி வைக்கலாமே என்று கேட்டதற்கு, பந்தலும் மைக்செட்டும் ஏற்பாடு செய்கிற அண்ணன்மார் ஒத்துக்கொள்ளவில்லை. "1857-ல் நியூயார்க்கில் பெண்கள் ரத்தம் சிந்திய நாள், நம்ம வசதிக்கு மாத்தக் கூடாது" என்கிறார்கள். இன்னொருவர், "சங்கம் என்பது ஆம்பளைங்க கட்டினது, பெண்கள் அப்புறம் வந்து துணை நின்னாங்க, அதைப் பேசு" என்று குறிப்பே கொடுத்துவிட்டார். நான் தேடிய இடத்திலெல்லாம் ஜெர்மன் சோஷலிஸ்ட் தலைவர் கிளாரா ஜெட்கின் பெயரும் ஒரு படமும்தான் கிடைக்கிறது. வேறு யாருமே இல்லையா? உண்மையிலேயே துணைதானா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கச்சி,

(ஊர்ப் பெயரை வைத்து விளையாடவில்லை. அக்காவுக்கு ஒரு மடம், தங்கச்சிக்கு ஒரு மடம் என்று ஊரே வைத்திருக்கிற தீவிலிருந்து எழுதுகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது?)

முதலில் தேதியை முடித்துவிடுகிறேன், மைக்செட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடப் போகிறார்கள். நியூயார்க் துணித் தொழில் பெண்கள் 1857 மார்ச் 8 அன்று ஊர்வலம் போனார்கள், போலீஸ் அடித்தது என்ற கதை நம் ஊர் மகளிர் தின நோட்டீஸ்களில் தவறாமல் வருகிறது. நானும் எழுதியிருக்கிறேன், ஒரு மாநாட்டு மலரில், படிக்கிறவர்களுக்குக் கண்ணீர் வருகிற மாதிரி. அப்படி ஒரு ஊர்வலம் நடந்ததற்கு அந்தக் காலத்துச் சான்று கிடையாது. பிரான்சில் இரண்டு பெண் ஆய்வாளர்கள் 1980-களில் இதன் வேரைத் தேடிப் போனார்கள். போய்ச் சேர்ந்த இடம் 1955-ஆம் ஆண்டு, பாரிசில் வந்த கம்யூனிஸ்ட் பத்திரிகை. நூறு வருடத்துக்கு முந்தைய சம்பவம் என்று நாம் நம்பியது பிறந்தது அங்கேதான். ஆகவே அண்ணன்மாரிடம் கோபப்பட வேண்டாம், என்னை மாதிரி ஆட்கள் எழுதியதைத்தான் அவர்கள் படித்திருப்பார்கள்.

நடந்த கதை இதைவிட உங்களுக்கு உபயோகமானது. இப்போது உக்ரைனில் இருக்கிற ஒரு ஊரிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, நியூயார்க் தையல் பட்டறையில் வேலை பார்த்து, அங்கேயே சங்கமும் கட்டியவர் தெரேசா மால்கீல். அவருடைய யோசனையில்தான் அமெரிக்க சோஷலிஸ்ட் கட்சி முதல் பெண்கள் தினத்தை நடத்தியது, 1909 பிப்ரவரி 28-இல். ஏன் அந்தத் தேதி? அது ஞாயிற்றுக்கிழமை, வேலைக்குப் போகிற பெண்கள் வர முடியும், அவ்வளவுதான் காரணம். அடுத்த வருடம் கோபன்ஹேகனில் சோஷலிஸ்ட் பெண்கள் மாநாடு, 17 நாடுகளிலிருந்து நூற்றுச் சொச்சம் பேர் வந்திருந்தார்கள். ஜெட்கினும் தோழிகளும் கொண்டுவந்த தீர்மானத்தில் ஆண்டுதோறும் ஒரு பெண்கள் தினம் என்று இருக்கிறது, எந்தத் தேதி என்று இல்லை. 1911-இல் ஜெர்மனி, ஆஸ்திரியா, டென்மார்க், ஸ்விட்சர்லாந்தில் பத்து லட்சம் பேருக்கு மேல் கூடினார்களே, அது மார்ச் 19. அதுவும் ஞாயிறு. 1914-இல் ஜெர்மனியில் மார்ச் 8-க்கு வைத்தார்கள், காலண்டரைப் பார்த்தால் அதுவும் ஞாயிறுதான்! மூன்றும் கூலி போகாத நாளில்தான் நடந்திருக்கின்றன. உங்கள் அம்மாக்கள் கேட்டது புதிதாக ஒன்றுமில்லை.

பின்னே எட்டாம் தேதி எப்படி நிலைத்தது என்றால், 1917, ரஷ்யாவின் அன்றைய தலைநகர் பெட்ரோகிராட். ரஷ்யாவின் பழைய காலண்டரில் பிப்ரவரி 23, நம் கணக்கில் மார்ச் 8, அன்று வியாழக்கிழமை. போர்க்காலம், ரொட்டிக்கு விடிய விடிய வரிசை. வைபோர்க் வட்டாரத்து நெசவாலைப் பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அன்றைக்கு வேலைநிறுத்தம் வேண்டாம் என்றுதான் கட்சிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள், அது நேரமில்லை என்பது அவர்கள் கணக்கு. பெண்கள் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த உலோகத் தொழிற்சாலைகளுக்குப் போய் ஆண்களையும் வெளியே கூப்பிட்டார்கள். ஒரு வாரத்தில் ஜார் மன்னர் முடியைத் துறந்தார். அந்த நாளின் நினைவாக 1921-இல் மாஸ்கோவில் கூடிய கம்யூனிஸ்ட் பெண்கள் மாநாடு மார்ச் 8 என்று முடிவு செய்தது. அதாவது, உங்கள் அண்ணன்மார் மாற்றக் கூடாது என்கிற அந்தத் தேதியே, அண்ணன்மார் வேண்டாம் என்று சொல்லியும் பெண்கள் இறங்கிய தேதி.

சரி, துணை விஷயத்துக்கு வருகிறேன். இதற்கு என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லாமல் முடியாது. என் அத்தை பாசிக்குப் போனவர், விரலில் துணி சுற்றிக்கொண்டு, காலில் ரப்பர் செருப்பைக் கட்டிக்கொண்டு தீவுப் பக்கம் பாறையில் இறங்கி எடுப்பார். காயப்போட்ட பாசியைப் புரட்டுகிற நேரத்தில் தென்னந்தோப்பில் பெண்கள் உட்கார்ந்து ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு ஆரம்பித்ததுதான் எங்கள் ஊர்ச் சங்கம். வியாபாரி எடையில் அடிக்கிறான் என்பதுதான் முதல் பேச்சு. அவர்களில் யாருக்கும் எழுதத் தெரியாது, அதனால் நோட்டு எழுத மாமாவை உட்கார வைத்தார்கள். மாமா என்ன எழுதினார்? புருஷன்மார் பெயரை வரிசையாக எழுதி, பக்கத்தில் 'மனைவி' என்று போட்டார். சில வருடம் கழித்துச் சங்கத்துக்கு மலர் போட்டபோது தொகுத்தது நான். நோட்டைப் பார்த்து ஆரம்பகால உறுப்பினர்கள் என்று பதினோரு ஆண்களின் பெயரை அச்சடித்தேன். இடம் போதாது என்று 'மனைவி'யை எடுத்துவிட்டேன். அந்தப் பதினோரு பேரில் ஒருவர்கூடத் தோப்பில் உட்கார்ந்ததில்லை. அத்தை என்னை வாசித்துக் காட்டச் சொன்னார், கடைசிவரை கேட்டார், "நாங்க எங்கடா?" என்றார். நான் என்ன பதில் சொன்னேன் என்பதை விட்டுவிடுவோம், மெச்சும்படி ஒன்றும் இல்லை.

ஜெர்மனியின் பெரிய மாகாணமான பிரஷ்யாவில் இதையே சட்டமாக வைத்திருந்தார்கள். 1850-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம்: அரசியல் சங்கங்களில் பெண்களும் மாணவர்களும் தொழில் பழகும் பையன்களும் சேரக் கூடாது. 1908 வரை அது ஓடியது. ஒரு பெண் கட்சி நோட்டில் பெயர் எழுதினாலே கட்சியைக் கலைக்க போலீசுக்குச் சாக்கு கிடைத்துவிடும். அதனால் அவர்கள் சங்கம் என்றே ஒன்றை வைக்காமல், ஊருக்கு ஊர் ஒரு 'நம்பிக்கைக்கு உரியவர்' என்று தனி ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். தனி ஆள்தானே, கலைக்க என்ன இருக்கிறது? அந்தத் தனி ஆள்களுக்கெல்லாம் மையமாக இருந்தவர் ஒத்திலி பாடர், பெர்லினில் வீட்டில் தையல் மெஷின் மிதித்துப் பிழைத்தவர். அவர் தைத்துக்கொண்டிருக்க, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மார்க்சைச் சத்தமாக வாசிப்பாராம். நோட்டில் பெயர் இல்லாத இந்தக் காலத்தில்தான் ஜெட்கின் பெண் தொழிலாளர்களுக்கான பத்திரிகையை 1892 முதல் நடத்தி, முதல் உலகப் போருக்கு முன்னால் ஒரு லட்சம் பிரதிக்கு மேல் கொண்டுபோனார். பட்டியலை மட்டும் பார்த்து வரலாறு எழுதுகிறவனுக்கு இதெல்லாம் 'துணை' என்றுதான் படும், எனக்குப் பட்ட மாதிரி.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆரம்பகாலத் தொழிலாளர் அமைப்புகளில் பலருக்குப் பெண்கள் வேலைக்கு வருவதே பிடிக்கவில்லை. பல நாட்டுத் தொழிலாளர்கள் சேர்ந்த முதல் அகிலம் என்ற அமைப்பின் 1866 ஜெனீவா மாநாட்டில் பிரெஞ்சுப் பிரதிநிதிகள், பெண்ணுக்கு இடம் வீடுதான் என்று வாதாடினார்கள். கெட்ட எண்ணம் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பாதிக் கூலிக்குப் பெண்ணைக் கொண்டுவந்து முதலாளி ஆண்களின் கூலியைக் குறைத்தான், அந்தப் பயம் நிஜம். 1889-இல் பாரிசில் கூடிய சோஷலிஸ்ட் மாநாட்டில் ஜெட்கின் எழுந்து பேசியது இதற்கான பதில்தான். அப்போது அவருக்கு 32 வயது, கணவர் இறந்து ஆறு மாதம், கையில் இரண்டு பிள்ளைகள். கூலியைக் குறைப்பது பெண் இல்லை, பெண்ணை அப்படிப் பயன்படுத்துகிற அமைப்பு, சொந்தச் சம்பாத்தியம் இல்லாமல் பெண்ணுக்கு விடுதலையும் இல்லை என்பது அவர் பேச்சின் சாரம். படத்தோடு அவரை விட்டுவிடாதீர்கள். 1932-இல், 75 வயதில், கண் மங்கி, பிறர் கைத்தாங்கலாகக் கூட்டிவர, ஜெர்மன் நாடாளுமன்றத்தின் மூத்த உறுப்பினர் என்ற முறையில் அவையைத் தொடங்கிவைத்து, சீருடை போட்ட நாஜிகள் முன்னால் உட்கார்ந்திருக்க அவர்களுக்கு எதிராகவே பேசினார்.

அவருக்கும் முன்னால் போனால் பிரான்சின் ஃப்ளோரா திரிஸ்தான். தொழிலாளர் எல்லாரும் ஆண் பெண் பேதமில்லாமல் ஒரே சங்கமாகச் சேர வேண்டும் என்று 1843-இல் ஒரு சிறு புத்தகம் எழுதினார், மார்க்சும் எங்கெல்சும் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கைக்கு ஐந்து வருடம் முன்பு. பதிப்பிக்க ஆள் இல்லை, வீடு வீடாகப் போய்ச் சந்தா வாங்கி அச்சடித்தார். அடுத்த வருடம் அதைத் தூக்கிக்கொண்டு பிரான்ஸ் முழுக்க ஊர் ஊராகப் பட்டறைகளில் பேசப் போனவர் போர்தோ நகரத்தில் காய்ச்சலில் இறந்துபோனார். வயது 41. கல்லறைக்குக் கல் வைத்தது தொழிலாளர்கள், தங்களுக்குள் காசு சேர்த்து.

கூட்டத்தில் ஒரே ஒரு கதைதான் சொல்ல நேரம் இருக்கிறது என்றால் தீப்பெட்டிக்காரிகளின் கதையைச் சொல்லுங்கள். சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் சொந்தம் இருக்கிற யாருக்கும் விளக்கவே வேண்டாம். லண்டன், 1888, பிரையன்ட் அண்ட் மே கம்பெனி. தீக்குச்சி முனைக்குப் போடுகிற வெள்ளைப் பாஸ்பரஸ் தாடை எலும்பை அரித்துவிடும், அந்த நோய்க்குப் பேரே இருந்தது. கூலியில் அபராதம் வேறு: பேசினால் அபராதம், தீக்குச்சி கீழே விழுந்தால் அபராதம், கால் அழுக்காக இருந்தால் அபராதம். நம்ம அன்னி பெசன்ட் (ஆமாம், அடையாறு பெசன்ட்தான், அவர் இந்தியாவுக்கு வர இன்னும் ஐந்து வருடம் இருந்தது) ஜூன் 23 அன்று தன் பத்திரிகையில் இதையெல்லாம் எழுதினார். கட்டுரை பொய் என்று கையெழுத்துப் போடச் சொன்னது கம்பெனி. பெண்கள் போடவில்லை. ஒருத்தியை வேலையை விட்டு நிறுத்தினார்கள், உடனே சுமார் 1,400 பேர் வெளியே வந்துவிட்டார்கள். அவர்களில் பலர் சிறுமிகள். நாடாளுமன்றம் வரை போய் முறையிட்டார்கள். அந்த ஜூலை முடிவதற்குள் அபராதங்கள் போயின, சங்கமும் வந்தது. அடுத்த வருடம்தான் லண்டன் துறைமுகத் தொழிலாளர்களின் பெரிய வேலைநிறுத்தம், ஆண்களுடையது.

இங்கேயும் நோட்டுக் கதைதான் பாருங்கள். ரொம்பக் காலம் இதை 'பெசன்ட் நடத்திய போராட்டம்' என்றே எழுதினார்கள். பெசன்ட் முதலில் கேட்டது அந்தத் தீப்பெட்டியை யாரும் வாங்காதீர்கள் என்றுதான். வெளியே வந்தது அந்தப் பெண்களின் சொந்த முடிவு. சாரா சாப்மன் போன்ற அவர்களின் முன்னணி ஆட்களுடைய பெயர்களைச் சமீப காலத்தில்தான் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்துக்கு வந்தால் 1923 மே தினம் எல்லாருக்கும் தெரியும், மீனவக் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் நடத்தியது, கடற்கரைக்காரர்கள் நாம் மார்தட்டிக்கொள்கிற விஷயம். பெண்கள் என்றால், மதுரைக்குப் போனால் ஜானகி அம்மாள், நாடக நடிகையாக இருந்து கம்யூனிஸ்ட் ஆனவர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பாதுகாப்புச் சட்டத்தில் கைதானவர். கீழத் தஞ்சையில் மணலூர் மணியம்மை, முடியைக் கிராப் வெட்டி, வேட்டி சட்டை போட்டுக்கொண்டு பண்ணையாட்களின் சேரிக்குள் போய் விவசாயச் சங்கம் கட்டிய விதவைப் பெண். அப்புறம் திருச்சி பொன்மலை. கம்யூனிஸ்ட் தலைவர் பாப்பா உமாநாத்தை எல்லாரும் சொல்வார்கள், நான் அவருடைய அம்மா லட்சுமியைச் சொல்லச் சொல்வேன். ரயில்வே தொழிலாளர்களுக்குச் சோறாக்கிப் போட்டுப் பிழைத்த அந்த அம்மாவும் மகளோடு சிறைக்குப் போய், உள்ளே உண்ணாவிரதத்தில் உயிரை விட்டார். கட்சியை விட்டு விலகுவதாக எழுதிக் கொடுத்தால் அம்மாவின் முகத்தைப் பார்க்கலாம் என்று மகளிடம் சொன்னார்கள். அவர் எழுதிக் கொடுக்கவில்லை. சோறாக்கிப் போட்டதைத் துணை என்று எழுதலாம்தான், உங்களுக்குக் குறிப்பு கொடுத்த அண்ணன் அப்படித்தான் எழுதுவார். லட்சுமி அம்மாளைப் பிடித்துப் போன போலீசுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

ஆகவே கூட்டத்தைத் தாராளமாகத் தள்ளி வையுங்கள். பாசி நாள் முடிந்த மறுநாள் வேண்டாம், உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும், அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் சரியாக வரும். அண்ணன்மாரிடம் 1909-ஐயும் 1911-ஐயும் சொல்லிப் பாருங்கள், இறங்கி வரவில்லை என்றால் என் நம்பரைக் கொடுங்கள். நான் பாம்பன் வண்டி பிடித்து வந்துவிடுகிறேன், அத்தையையும் கூட்டி வருகிறேன். அவருக்கு இப்போது காது சரியாகக் கேட்காது, மைக்செட்டை அவர் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்