கைப்பிடிக் கம்பியை விடும் நேரம்

கேள்வி: எனக்கு 46 வயது. நீச்சல் கற்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இருமுறை பயிற்சிக்குப் பணம் கட்டினேன். முதல் முறை வாசலோடு திரும்பிவிட்டேன். இரண்டாம் முறை தண்ணீரில் இறங்கி, கம்பியைப் பிடித்தபடி அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்தேன். தண்ணீர்ப் பயத்தோடு, சிறு பிள்ளைகள் முன்னால் தடுமாறுவோமே என்ற கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. எந்தப் புதிய காரியத்திலும் எனக்கு இதே நிலைதான். துணிச்சல் வர என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, கம்பியைப் பிடித்தபடி நின்ற அந்த அரை மணி நேரத்தைத் தோல்விக் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் முறை வாசலைத் தாண்டாத கால்கள், அன்று பயம் இருக்கும்போதே தண்ணீருக்குள் நின்றிருக்கின்றன. நீங்கள் தேடும் துணிச்சல் அதுதான்.

பயம் விலகட்டும், பிறகு இறங்கலாம் என்று காத்திருப்பதில்தான் சிக்கல். வாசலோடு திரும்பிய அன்று உங்களுக்குப் பெரிய நிம்மதி ஏற்பட்டிருக்கும். திரும்பியதால்தான் தப்பித்தோம் என்று மனம் அந்த நிம்மதியிலிருந்து பாடம் கற்றுக்கொள்வதால், அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரமாகவே வந்துவிடுகிறது. நீச்சலில் இது கண்கூடு. நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து, உடலைத் தளர விட்டால் பெரும்பாலோர் மிதப்பார்கள். பயந்தவரோ மூச்சுக்காகத் தலையைத் தூக்குகிறார். தலை எழ எழ இடுப்பும் கால்களும் தாழ்கின்றன. தனக்கு மிதக்க வராது என்று அவர் முடிவுகட்டிவிடுகிறார். மிதந்து பார்க்கும் வாய்ப்பைத்தான் பயம் அவருக்குக் கொடுக்கவே இல்லை.

மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் 1924இல் வெளியிட்ட ஆய்வை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். முயலைக் கண்டாலே அஞ்சிய, ஏறக்குறைய மூன்று வயதுச் சிறுவன் பீட்டர். முதலில், முயலுக்கு அஞ்சாத பிள்ளைகளோடு அவனை விளையாட விட்டு, முயலுக்குச் சிறிது சிறிதாகப் பழக்கினார்கள். இடையில் அவன் நோயுற்று மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. ஒரு பெரிய நாயால் மிரண்டும் போனான். பழைய பயம் முழுதாகத் திரும்பிவிட்டது. மறுபடியும் தொடங்கினார்கள். இம்முறை அவனுக்குப் பிடித்த உணவைக் கொடுத்துவிட்டு, கூண்டிலிருந்த முயலை அவன் கலங்காத அளவுக்கு மட்டும், சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்தார்கள். முடிவில், முயல் தன் விரல்களைக் கொறிக்கும் அளவுக்கு அதைப் பக்கத்தில் விட்டான். பயப்படாதே என்ற அறிவுரையால் வந்த மாற்றமல்ல இது.

ஆகவே, நீச்சல் என்ற பெரிய சொல்லைச் சில வாரங்களுக்கு மறந்துவிடுங்கள். இடுப்பளவுத் தண்ணீரில், கம்பியைப் பிடித்தபடியே, வாயையும் மூக்கையும் நீருக்குள் வைத்துக் குமிழ் வருமாறு மெதுவாக மூச்சை விடுங்கள். மூச்சை இறுகப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் அதில் தளரும். நெஞ்சு படபடக்கும், உடனே கரையேறிவிடாமல், அது சற்றுத் தணியும்வரை அங்கேயே நில்லுங்கள். இந்தச் சில நிமிடங்களை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் பயம் உச்சிக்குப் போய்த் தானாகவே இறங்கும் என்பதை உங்கள் உடல் முதன்முதலாக அறிவது அப்போதுதான். அது பழகிய பிறகு, பயிற்சியாளர் உங்கள் முதுகைத் தாங்கியிருக்க, மல்லாந்து படுத்துப் பாருங்கள். ஒருநாள் பின்னடைவு வந்தால், முந்தைய படிக்குப் போய் அங்கிருந்து தொடருங்கள்.

கூச்சத்தைப் பொறுத்தவரை, பயிற்சியாளரிடம் முதல் நாளே “எனக்குத் தண்ணீர் என்றால் பயம்” என்று சொல்லிவிடுங்கள். மறைக்க வேண்டியது எதுவும் இல்லை என்றானபின் பாதிப் பாரம் இறங்கிவிடும். பெரியவர்களுக்கெனத் தனி வகுப்பு இருந்தால் அதையே கேளுங்கள். மற்றக் காரியங்களிலும் முதல் படியை இதே போலச் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

எப்போதாவது நீரில் மூழ்கித் தப்பிய அனுபவம் உங்களுக்கு இருந்து, தண்ணீரை நினைத்தாலே மூச்சு முட்டுகிறது என்றால், தனியாகப் போராட வேண்டாம். அச்சத்தைப் படிப்படியாகக் குறைக்கும் சிகிச்சையில் பயிற்சி பெற்ற உளவியல் ஆலோசகரை முதலில் பாருங்கள்; நீச்சல் வகுப்பு சில மாதங்கள் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.