சான்றிதழ்கள் இல்லாத எட்டு வயதுச் சிறுமியின் பள்ளிச் சேர்க்கை

நடைபாதையில் தங்கியிருக்கும் ஒரு தாயின் எட்டு வயது மகளைச் சேர்க்க நீங்கள் உதவப்போனபோது, பிறப்புச் சான்றிதழும் மாற்றுச் சான்றிதழும் இல்லை என்று சொல்லி அரசுப் பள்ளி மறுத்ததாக எழுதியிருந்தீர்கள். அப்படித் திருப்பி அனுப்ப அந்தப் பள்ளிக்கு அதிகாரம் கிடையாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லாததைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக்கூடாது (பிரிவு 14). மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதும் மறுப்புக்குக் காரணமாகாது (பிரிவு 5). வயது குறித்துத் தாய் எழுதித் தரும் உறுதிமொழியோடு மனுவைக் கையில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். வாய்ப்பேச்சு இதில் உதவாது.

தலைமையாசிரியரின் தயக்கத்துக்கு வேறொரு காரணமும் இருக்கக்கூடும். சிறுமியின் பெயர் பழைய பள்ளியின் எமிஸ் (மாணவர் விவரங்களை வைத்திருக்கும் பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடு) பதிவிலேயே நீடித்தால், அங்கிருந்து விடுவிக்கப்படும்வரை புதிய பள்ளியால் அவளைத் தன் பட்டியலில் ஏற்ற இயலாது. பழைய பள்ளியின் பெயரையும் கடைசியாகப் படித்த வகுப்பையும் தாயிடம் கேட்டறிந்து, எமிஸில் தேடிப் பார்க்கத் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள்.

ஆனால், அந்தத் தாய் கணவரின் அடிக்குத் தப்பி வந்தவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பழைய பள்ளியைத் தொடர்புகொண்டால் இப்போதைய இருப்பிடம் அந்தக் கணவருக்குத் தெரிந்துவிடலாம் என்பதால், முதலில் 181 மகளிர் உதவி எண்ணில் பேசி, தாய்க்கும் மகளுக்கும் பாதுகாப்பான தங்குமிடம் உறுதியான பிறகே அந்த வேலையில் இறங்குங்கள்.