உதவித்தொகைப் பட்டியலை யார் படிப்பது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. போன மாதம் உதவித்தொகைக்காகப் பிள்ளைகளின் வங்கிக் கணக்கு விவரம் வாங்க வேண்டியிருந்தது. பட்டியலோடு வகுப்பு வகுப்பாகப் போய், பெயரைப் படித்து, அந்தப் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி விவரம் வாங்குவதுதான் இங்கே வழக்கம். எனக்கு மனசு வரவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாங்கினேன். அரை நாளில் முடிகிற வேலை ஒரு வாரம் இழுத்துவிட்டது. அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர், "ஏம்மா, நீ சேவை செய்ய வந்தியா, வேலை பார்க்க வந்தியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கெட்டவரும் இல்லை. போன வருடம் ஒரு மாணவிக்குத் தேர்வுக் கட்டணத்தைத் தன் கையிலிருந்து கட்டியவர்.

பரிவு என்பது பிறவிக் குணம்தானா? அது இல்லாதவர்களிடம் கேட்டுப் பெற முடியுமா? நான் ஒருத்தி மட்டும் இப்படி நடந்துகொள்வதால் என்ன ஆகிவிடப் போகிறது?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உங்களைவிட அந்த மூத்தவரைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். ஒரு பெண்ணுக்குக் கட்டணம் கட்ட முடியவில்லை என்று தெரிந்ததும் சட்டைப்பையில் கைவிட்டுப் பணத்தை எடுத்தவர் அவர். அதே பெண்ணை அடுத்த மாதம் நாற்பது பேர் நடுவே எழுந்து நிற்கச் சொல்லி, "உதவித்தொகை வாங்குறவதானே நீ, பாஸ்புக் எங்கே?" என்று கேட்பதிலும் அவருக்கு எந்தத் தயக்கமும் இருக்காது. இரண்டையும் அவர் உண்மையாகவே செய்வார். உங்கள் முதல் கேள்விக்கு அவரே பதில். பரிவு அவரிடம் நிறையவே இருக்கிறது, ஆனால் அதற்கும் அலுவலக வேலைக்கும் தொடர்பு உண்டு என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. பணம் கொடுப்பது மனசு சம்பந்தப்பட்டது, பட்டியல் படிப்பது வேலை சம்பந்தப்பட்டது என்று இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறார். நம் அலுவலகங்களில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான்.

பட்டியல் படிக்கும்போது வகுப்பில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் மனசு வரவில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உதவித்தொகைப் பட்டியல் என்பது பெரும்பாலும் சாதிப் பட்டியல். அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைகளுக்கே தெரியும். அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஜியாமெட்ரி பாக்ஸைப் பகிர்ந்துகொண்டவன் எழுந்து நிற்கிறான், இவன் உட்கார்ந்திருக்கிறான். படிப்பவர் அடுத்த வகுப்புக்குப் போய்விடுவார். எழுந்து நின்றவன் மீதிப் பள்ளிக்காலம் முழுக்க அதே வகுப்பில்தான் இருந்தாக வேண்டும்.

இது ஏதோ நுண்ணுணர்வுக்காரர்களின் கவலை என்று அந்த மூத்தவர் நினைத்தால் அவரிடம் ஒரு தகவலைச் சொல்லுங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும், உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு பள்ளி, கல்லூரி மாணவர்களிடையே சாதி வேறுபாடுகளைக் களைய வழி சொல்லும்படி ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்ற பரிந்துரைகள்தான் செய்திகளில் பெரிதாக வந்தன, சண்டையும் அவற்றைப் பற்றித்தான் நடந்தது. எனக்கு அந்த அறிக்கையில் முக்கியமாகப் பட்டவை சின்னச் சின்ன விஷயங்கள். வருகைப் பதிவேட்டில் மாணவரின் சாதியை நேராகவோ சுற்றிவளைத்தோ காட்டும் எந்தக் குறிப்பும் இருக்கக் கூடாது. பிள்ளைகளை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். உதவித்தொகை விஷயமாக இருந்தால் தலைமையாசிரியர் மாணவரைத் தன் அறைக்குத் தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும். நீங்கள் யாரையும் கேட்காமல் செய்ததும், ஒரு நீதிபதி விசாரித்து எழுதியதும் ஏறக்குறைய ஒன்றுதான். சேவையா வேலையா என்று அடுத்த முறை கேட்டால், வேலைதான் சார், சம்பளம் வாங்குகிறேனே என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் விதி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும் என்றே ஒரு பள்ளியில் முடிவெடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தலைமையாசிரியர் மேசையில் பட்டியல் இருக்கிறது. அலுவலக உதவியாளரைக் கூப்பிட்டு, "இந்தப் பசங்களை வரச் சொல்லு" என்கிறார். அவர் நேராக ஒன்பதாம் வகுப்பு வாசலுக்குப் போய், பாடம் நடக்கும்போதே, "ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எச்.எம். ரூமுக்கு வாங்கப்பா!" என்று குரல் கொடுக்கிறார். விதி மீறப்படவே இல்லை. தலைமையாசிரியர் தன் அறையில் தனியாகத்தான் பேசப் போகிறார். பிள்ளைகள் எழுந்து போகும்போது மட்டும் வகுப்பே திரும்பிப் பார்க்கும்.

அந்த உதவியாளர் மேல் தப்பு சொல்ல முடியுமா? எதற்காகத் தனியாக அழைக்கிறோம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லையே. பொதுவான மதிப்பீடுகள் என்று பயிற்சி வகுப்புகளில் பெரிதாகப் பேசுகிறார்களே, அதன் பொருள் எனக்கு இவ்வளவுதான்: கடைசியில் வாசலில் நின்று கூப்பிடுகிறவருக்கும் காரணம் தெரிந்திருப்பது. தெரிந்துவிட்டால் அவர், "நீ வாப்பா, நீயும் வா" என்று இரண்டு பேரைக் கையசைத்துக் கூட்டிப் போவார். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அப்புறம், தனி மனிதரின் நல்ல மனசைப் பற்றி. நான் படித்த பள்ளியில் கட்டணம் கட்டாதவர்களை முதல் பிரிவேளையில் வராந்தாவில் நிறுத்துவார்கள். போகிற வருகிற எல்லோரும் பார்ப்பார்கள், பெண்கள் பிரிவுக்குப் போகும் வழியும் அதுதான் என்பது கூடுதல் அவமானம். எங்கள் டிரில் வாத்தியார் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் வந்து, "சும்மா நிக்காதீங்கடா, வாங்க" என்று அதட்டிக் கூட்டிப்போய், சுண்ணாம்புத் தூளைக் கையில் கொடுத்துக் கபடிக் கோடு போடச் சொல்வார். பார்ப்பவர்களுக்கு நாங்கள் ஏதோ முக்கியமான வேலையில் இருப்பது போலத் தெரியும். அந்த மைதானத்தில் கோடு அழிந்தே நான் பார்த்ததில்லை. அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று எங்களுக்கு அப்போதே தெரியும், அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பிறகு அவருக்கு மாறுதல் வந்தது. அடுத்த வாரமே வராந்தாவில் நின்றோம். வராந்தாவில் நிறுத்துவது சரியா என்ற கேள்வியை அவர் யாரிடமும் எழுப்பவில்லை, நிர்வாகமும் கேட்டுக்கொள்ளவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் நல்லவர் ஒருவர் மாறுதலில் போகும்போது அவருடைய நல்லதும் அதே பெட்டியில் போய்விடுகிறது.

போகாமல் நின்ற நல்லதும் நம்மிடம் உண்டு. 1956இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு தொடங்கியபோது அது முழுக்க அரசுப் பணத்தில் நடந்த திட்டம் அல்ல. ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசியும் காசும் சேர்ந்துதான் பல இடங்களில் உலை ஏறியது. கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்ப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி, பெஞ்சிலிருந்து கரும்பலகை வரை ஊராரையே கொடுக்க வைத்தார். பிள்ளைக்குச் சோறு போடுவது ஊரின் பொறுப்பு என்று ஊரே ஒத்துக்கொண்ட பிறகு, எந்த ஆட்சி வந்தாலும் அதை நிறுத்தும் தைரியம் யாருக்கும் வரவில்லை. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெரிதாக்கினார். பின்னால் முட்டை வந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவு, முதலில் 1,545 பள்ளிகளில். அடுத்த ஆண்டே அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. காலை உணவில் நான் கவனித்தது, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வருகிற எல்லாப் பிள்ளைக்கும் தட்டு வைக்கிறார்கள். அப்பாவின் வருமானம் என்ன என்று அந்த வரிசையில் யாரும் கேட்பதில்லை. பசியோடு வந்த பிள்ளையும், வீட்டில் இட்லி தின்றுவிட்டுப் பொங்கலுக்காகவும் வந்த பிள்ளையும் ஒரே வரிசை. உங்கள் பட்டியல் செய்ய முடியாததை அந்த வரிசை செய்கிறது.

ஆனால் ஊரே ஒத்துக்கொள்வதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 2018இல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சமையலராக வந்தபோது, அவர் சமைத்ததை எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று பெற்றோர் சிலர் திரண்டு வந்து பள்ளியை மறித்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்த காரியம் அந்தச் சமையலரை இடம் மாற்றியது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த உத்தரவு ரத்தானது. திரண்டு வந்தவர்களுக்கும் 'பொது மதிப்பீடு' இருந்தது, அதில் அவர்களுக்குள் பெரிய ஒற்றுமையும் இருந்தது. அதனால் எல்லோரும் ஒன்றுபட்டுவிட்டோம் என்று ஒரு நிறுவனம் பெருமைப்படும்போது நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். எதில் ஒன்றுபட்டீர்கள் என்று கேட்க வேண்டும். உங்களைப் பார்த்துச் சிரித்தவர்களும் ஒன்றாகத்தானே சிரித்தார்கள்?

உங்கள் மேசைக்கு வருகிறேன். பள்ளி என்றால் நாம் வாத்தியார்களை மட்டும் பேசுகிறோம். கூலி வேலைக்குப் போகும் அப்பாவுக்குப் பள்ளி என்பது பெரும்பாலும் உங்கள் ஜன்னல்தான். அவர் வருகிறார். ஆதாரில் மகன் பெயருக்குப் பின்னால் இனிஷியல், வங்கிக் கணக்கில் முன்னால், சாதிச் சான்றிதழில் இனிஷியலே இல்லை. "இது சரியில்லை, மாத்திட்டு வாங்க" என்கிறோம். இ-சேவை மையத்துக்குப் போய் மாற்றிவிட்டு மறுபடி வருகிறார். "வருமானச் சான்றிதழ் போன வருஷத்துதா இருக்கே?" இன்னொரு நாள். அப்புறம் வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்கவில்லை என்று இன்னொரு நாள். நூறு நாள் வேலையில் 2024-25இல் ஒரு நாள் கூலி 319 ரூபாய். மூன்று தடவை வரச் சொன்னால் கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாயை அவரிடமிருந்து வாங்கிவிட்டோம், ரசீது கொடுக்காமல். முதல் நாளே நான்கு தாளையும் விரித்துப் பார்த்து, என்னென்ன தப்பு இருக்கிறது என்று ஒரே துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க ஐந்து நிமிடம் ஆகும். இதற்கு இளகிய மனசுகூடத் தேவையில்லை. எதிரே நிற்பவர் எங்கிருந்து, எதை விட்டுவிட்டு வந்தார் என்று தெரிந்தால் போதும்.

மாற்றுச் சான்றிதழும் அப்படித்தான். பாக்கி வைத்திருக்கிறாய் என்று டி.சி.யைப் பிடித்து வைப்பது பல தனியார் பள்ளிகளில் கேள்வி கேட்காத வழக்கமாக இருந்தது. கட்டண பாக்கியை வசூலிக்க மாற்றுச் சான்றிதழை ஒரு கருவியாக்கக் கூடாது, பாக்கி பற்றி அதில் எழுதவும் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அது தப்பு என்றே பலருக்கு உறைத்தது. பிடித்து வைத்தவர்கள் எல்லாம் கொடுமைக்காரர்களா? இல்லை. முன்னால் இருந்தவர் செய்தார், இவர்களும் செய்தார்கள்.

நீங்கள் ஒருத்தி செய்து என்ன ஆகும் என்ற கேள்விக்கு, பெரிதாக ஒன்றும் ஆகாது, டிரில் வாத்தியாருக்கு ஆனதுதான் ஆகும் என்பதே என் பதில். அதனால் தனியாகச் செய்துகொண்டிருக்காதீர்கள். அந்த மூத்தவரையே பிடியுங்கள். அறிவுரை சொல்லப் போகாதீர்கள், வயதில் பெரியவர், வீம்பு வந்துவிடும். அவர் கட்டணம் கட்டிய பெண்ணைப் பற்றிப் பேச்செடுங்கள். "சார், அந்தப் பொண்ணுக்குப் பணம் கொடுத்தப்ப எல்லோர் முன்னாடியுமா கொடுத்தீங்க?" என்று கேளுங்கள். மாட்டார், தனியாகக் கூப்பிட்டுத்தான் கொடுத்திருப்பார், நான் பந்தயம் கட்டுகிறேன். மிச்சத்தை அவரே பேசிவிடுவார்.

வேலை இழுக்கிறது என்று அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதற்கு ஒரு வழி தோன்றுகிறது. உதவித்தொகைக்காரர்களை மட்டும் கூப்பிடாதீர்கள். எமிஸ் விவரம், அதாவது கல்வித் துறையின் இணையப் பதிவில் உள்ள மாணவர் விவரம், சரிபார்க்க வேண்டும் என்று வகுப்பு முழுவதையும் அகர வரிசையில், ஐந்தைந்து பேராக வரச் சொல்லுங்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி, கைப்பேசி எண் எப்படியும் எல்லோருக்கும் சரிபார்த்தாக வேண்டியதுதானே? உதவித்தொகை உள்ள பிள்ளை வரும்போது அதோடு வங்கிக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு வகுப்புக்கு ஒரு பிரிவேளை போதும். ஜூலையிலேயே செய்துவிட்டால், இனிஷியல் தப்பை மாற்ற அப்பாக்களுக்கும் நேரம் கிடைக்கும். தலைமையாசிரியரிடம் கேட்கும்போது எமிஸ் வேலை சீக்கிரம் முடியும் என்பதை முதலில் சொல்லுங்கள். மற்றதை அவர் அனுமதி கொடுத்த பிறகு சொன்னால் போதும்.